பச்சை மை வாங்காத டிஸ்க்

ஒருவர் பிறந்திருக்கிறார் என்பதற்கு அவரே நேரில் வந்து நிற்பது போதாது என்பது அரசாங்கத்தின் தெளிவான நிலைப்பாடு. ஆகவே கிளிஞ்சல்மேட்டுச் சலோமி, நர்ஸ் வேலைக்கு உத்தரவு வந்த கையோடு, பிறப்புச் சான்று கொடுக்கும் காரைக்கால் அலுவலகத்துக்கு ஓடினாள். மாதக் கடைசிக்குள் சான்று காட்டாவிட்டால் வேலை அடுத்தவளுக்குப் போய்விடும்.

அங்கே கம்ப்யூட்டர் வந்திருந்தது. எண்பத்தெட்டில் கம்ப்யூட்டர் இல்லாத அலுவலகமும் ஒரு அலுவலகமா? பதிவேடுகளையெல்லாம் ஒரு டிஸ்கில் ஏற்றிவிட்டு, கையோடு அவற்றைப் பழைய பேப்பர்காரனுக்கு எடை போட்டாயிற்று. பாதுகாப்புக்கென்று வாங்கும் இரண்டாவது டிஸ்கை எப்படி வைத்துக்கொள்வது என்று முடிவாகும்வரை யாருக்கும் சான்று கிடையாதாம். சலோமி ஜன்னலோரம் நின்றாள்.

டிஸ்க் விற்க வந்த பாலகுரு விளக்கினான். "இங்க எழுதறது கொஞ்சம், எடுத்துப் படிக்கிறதுதான் எந்நேரமும். பாதிப் பாதியா ரெண்டுலயும் பிரிச்சு வெச்சா சட்டுனு படிக்கலாங்க. ஆனா ஒண்ணு போனா மொத்தமும் போயிடும்."

அதிகாரி சண்முகசுந்தரம் கண்ணாடியைக் கழற்றினார். "புள்ள பேரு ஒண்ணுல, அப்பன் பேரு இன்னொண்ணுலயா? அரசாங்கமே குடும்பத்தைப் பிரிக்கிறதா?"

"அப்ப ரெண்டுலயும் ஒண்ணையே முழுசா வெச்சிடலாங்க. ரெண்டுலேர்ந்தும் படிக்கலாம். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு இருக்கும்."

"அப்படின்னா ரெண்டாவது நகல். நகலுக்கு அத்தாட்சிக் கையெழுத்து வேணுமே?"

பாலகுரு வியாபாரம் கெட்டுவிடக் கூடாதே என்று, "போட்டுடலாங்க" என்றான்.

இரண்டாவது டிஸ்கில் நகல் ஏறியது; ஒப்பிட்டுப் பார்க்கக் குழு அமைந்தது. குழு இரண்டு டிஸ்கையும் மேசைமேல் வைத்து, நிறம், எடை, திருகாணி எல்லாம் பொருந்துவதாக அறிக்கை தந்தது. நகலின் மூடியில் அரக்கு முத்திரையும் வைத்தாயிற்று. பச்சை மைப் பேனாவைத் திறந்த சண்முகசுந்தரம், ராகுகாலம் கழியட்டும் என்று மூடி வைத்தார். பிறகு அமாவாசை, அப்புறம் அஷ்டமி. அதற்குள் ஒருநாள் கரண்டு போய் வந்ததில் முதல் டிஸ்க் செத்துப்போனது.

சலோமி ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள். "அதான் ரெண்டாவது இருக்கே சார்! அதுலேர்ந்து எடுத்துக் குடுங்களேன்."

"அது அத்தாட்சி இல்லாத நகல்மா."

"இப்பவே கையெழுத்துப் போடுங்க!"

"அசலைப் பார்க்காம எப்படிப் போடுறது? அசல்தான் செத்துப்போச்சே."

"அது சாகும்னுதானே சார் இதை வாங்குனீங்க?"

"சட்டம் தெரியாமப் பேசாதம்மா."

மேலிடத்துக்கு எழுதினார்கள். மேலிடம் கறாராகப் பதில் போட்டது: அசல் மீண்டும் உயிர்பெறும்வரை இவ்வூரில் எவருடைய வயதும் ஐயத்துக்குரியது. ஐயத்துக்குரிய வயதைக் கொண்டு எவரையும் பணியில் அமர்த்தவோ, பணியிலிருந்து ஓய்வுபெறச் செய்யவோ இயலாது. அந்த மாதமே ஓய்வுபெற வேண்டிய சண்முகசுந்தரம் செத்த டிஸ்குக்கு மல்லிகைச் சரம் வாங்கிச் சாத்தினார்.

சலோமியின் வேலை நாகப்பட்டினத்துக்காரி ஒருத்திக்குப் போனது. அங்கே இன்னும் கையெழுத்துப் பதிவேடுதான், நாகரிகம் போதாது.

"அந்த ஆபீஸு நாசமாப் போவ!" என்று அழுதுகொண்டே சலோமி வீட்டுக்குள் நுழைந்தாள். சர்க்கார் வாட்ச்மேனான அப்பா சூசைமுத்து அல்வாப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் அவரை ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது.

"சபிக்காதடியம்மா! புண்ணியவானுங்க. வயசு தெரியற வரைக்கும் என்னை நிறுத்த முடியாதாம். இனிமே நம்ம வீட்டு உலை அந்த டிஸ்க் கையிலதான்."

சலோமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய், அந்த டிஸ்க் பிழைத்துவிடக் கூடாது என்று மெழுகுவத்தி ஏற்றினாள்.