உங்கள் சிறுநீரகத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. இங்கே நலம் என்பதை நேற்றிலிருந்துதான் தைரியமாக எழுத முடிகிறது. அங்கே நலமா என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் நல்ல செய்தி. உங்கள் தங்கை மகளுக்கு மாற்றுச் சிறுநீரகம் தேவையில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் சட்டையைத் தூக்கிக்கொண்டு, "எந்தப் பக்கம் வேணுமோ எடுத்துக்குங்க, இப்பவே படுத்துக்கறேன்" என்று நின்றீர்களே, அந்தச் சட்டையை இறக்கிவிட்டுக்கொள்ளலாம். அன்றைக்கு என் மானமே போயிற்று என்று உங்கள் தங்கையிடம் முணுமுணுத்தேன். வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இரண்டும் நிஜம்.

நடந்ததைச் சொல்கிறேன். லூபஸ் என்கிற இந்த நோயில், கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி ஆள் தெரியாமல் சொந்த உடம்பையே போட்டு அடிக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியுமே. இவளுக்கு அது சிறுநீரகத்தில் கை வைத்துவிட்டது. ரத்தத்தில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது என்றார்கள். ஒழுகுகிறது என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த பழைய உத்தியோகம் விழித்துக்கொண்டது. குடிநீர் வடிகட்டும் நிலையத்தில் தலை நரைத்தவன் இல்லையா? ஒழுகுகிற தொட்டியை மேலிருந்து நிரப்பிக்கொண்டே இருந்தால் மட்டம் இறங்காது என்று கணக்குப் போட்டு, காலையில் முட்டை, மதியம் கோழி, மாலையில் வேகவைத்த கடலை, இரவில் மீன் என்று அவளுக்கு ஊட்டித் தள்ளினேன். அவள் வேண்டாம் என்று கெஞ்சினாள், "ஃபில்டரப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா?" என்று அதட்டினேன். விஷயம் தெரிந்ததும் டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "சார், ஏற்கெனவே சோர்ந்து கிடக்கிற சிறுநீரகம். அது மேல இன்னும் பாரம் ஏத்தறீங்க" என்றார். நான் விடுவேனா? "அப்போ எதிர்ப்பக்கமா தண்ணி விட்டுக் கழுவ முடியாதாம்மா? மணல் தொட்டிய நாங்க அப்படித்தான் சுத்தம் பண்ணுவோம்" என்று கேட்டேன். பக்கத்திலிருந்த மகள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

பிறகு அவளைக் குப்புறப் படுக்க வைத்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, முதுகு வழியாக ஊசி விட்டு, நூல் துண்டு மாதிரி கொஞ்சம் சதை எடுத்தார்கள். அதைச் சோதனைக்கூடத்தில் மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, என்னென்ன புரதம் அதில் இருக்கிறது என்று பார்ப்பார்களாம். "சில புரதம் தெரிஞ்சா அங்க இன்னும் நெருப்பு எரியுதுன்னு அர்த்தம். வேற சிலது நிறைய இருந்தா எரிஞ்சு முடிஞ்சு தழும்பாயிடுச்சுன்னு அர்த்தம். நெருப்ப மருந்தால அணைக்கலாம். தழும்ப ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் டாக்டரம்மா. தழும்பு என்றால், இன்றோ நாளையோ உங்கள் சட்டையைத் தூக்க வேண்டியதுதான்.

ஆக, மகளின் உடம்பில் நோய் நன்றாகக் கொழுந்துவிட்டு எரியட்டும் என்று வேண்டிக்கொண்ட அப்பன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். முடிவு வரும்வரை வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. எனக்குப் பயம், மச்சான். அவ்வளவு பயம். நேற்று டாக்டரம்மா கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கறுப்பில் பச்சைப் பச்சையாக மின்னியது. "நிறையவே எரியுது. தழும்பு ரொம்பக் கொஞ்சம்தான்" என்றார். "ரொம்ப சந்தோஷம்மா!" என்று கத்திக் கைதட்டிவிட்டேன். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். மகள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து எவ்வளவு காலமாயிற்று! மருந்து ஆரம்பித்தாயிற்று. முகம் உப்புமாம், பசி எடுக்குமாம், மருந்துக்கு நோய் எவ்வளவு தூரம் கேட்கும் என்று போகப் போகத்தான் தெரியுமாம். போகட்டும், வழி என்று ஒன்று இருக்கிறதே.

உங்களைப் பற்றி நான் பேசாத பேச்சில்லை. கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர், கற்றுக்கொள்கிறவர் பக்கம் ஒன்று, தன் பக்கம் ஒன்று என்று இரண்டு பிரேக் வைத்திருக்கிறார், தன் வாய்க்கு ஒன்றுகூட வைக்கவில்லை என்பேன். லைசென்ஸ் வாங்கினவர்கள் கொடுக்கும் இனிப்புப் பெட்டிகளைக் காரிலேயே காலி செய்கிறவர் என்பேன். அந்த மனிதர்தான் கேட்பதற்கு முன்னால் வந்து நின்றார். என் கூடப்பிறந்தவர்கள் "அப்புறம் ஃபோன் பண்றோம்" என்றார்கள், அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. நன்றி என்று சொன்னால் போதாது; அதைவிடப் பெரிய வார்த்தை எனக்குத் தெரியவில்லை. உங்கள் இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டு பல்லாண்டு நன்றாக இருங்கள். உங்கள் மனைவிக்கு எங்கள் அன்பைச் சொல்லுங்கள்.

என்றும் உங்களுக்குக் கடன்பட்ட,
தங்கை கணவன்

பி.கு.: பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியது மரியாதைக்காக இல்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சோதனைக்கு ரத்தமும் சிறுநீரும் கொடுத்தபோது, ஃபோனைக் காரிலேயே விட்டுவிடுவேன் என்று சொல்லி, உங்கள் நம்பருக்குப் பதிலாகத் தங்கையின் நம்பரைக் கொடுத்தீர்கள் அல்லவா? முடிவு இன்று காலை வந்தது. நாங்கள் கேட்டிருந்தாலும் உங்கள் சிறுநீரகத்தை எடுத்திருக்க மாட்டார்களாம். சர்க்கரை எக்கச்சக்கம், உங்களுக்கும் புரதம் ஒழுக ஆரம்பித்திருக்கிறது. ஆரம்பம்தான், கொடுக்க வந்ததால் கண்ணில் பட்டது, இல்லாவிட்டால் தெரிந்தே இருக்காது என்கிறார் டாக்டரம்மா. ஃபோனில் சொன்னால் "எனக்கா? சும்மா இருங்க மாப்ள" என்று வைத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம். வருகிற திங்கட்கிழமை இவளோடு சேர்த்து உங்களுக்கும் டாக்டரிடம் நேரம் வாங்கியாயிற்று. இனிப்புப் பெட்டியோடு வராதீர்கள். உங்கள் தங்கை மகள் சொல்லச் சொன்னது: "மாமா எனக்கு ஒண்ணு தர்றேன்னாரு. வரச் சொல்லுங்கப்பா, அவரோட ரெண்டையும் நான் பார்த்துக்கறேன்."