ஒரே ஜோடி, மொத்த லாட்ஜ்

மனசில் இருப்பதை மனுஷர்களிடம் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் கம்ப்யூட்டரிடம் மட்டும் தாராளமாகச் சொல்லிவிடுவார்கள். அது வெளியே சொல்லாது என்ற நம்பிக்கைதான். அந்த நம்பிக்கையில் கொடைக்கானல் பஜார் முழுக்க என் மானம் பறந்தது.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில், கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூரில் ஒரு குட்டி சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். முதலாளி, நான், பக்கத்து மேசை அருள், அவ்வளவுதான் கம்பெனி. (அருளைப் பார்க்கத்தான் தினமும் முதல் பஸ்ஸைப் பிடித்தேன் என்பது அருளுக்குத் தெரியாது.) பஜாரில் லாட்ஜ் நடத்திய ஒரு பாய்க்கு ரூம் புக்கிங் புரோகிராம் எழுதிக் கொடுத்தோம். சீசனுக்கு முன்னால் அதைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

நான்தான் பெரிய விஞ்ஞானி ஆயிற்றே! கையால் சோதித்தால் கௌரவம் என்னாவது? மவுஸ் தானாகவே ஓடிக் கிளிக் செய்து, ஒவ்வொரு ரூமாகப் புக் செய்யும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். திரையில் என்ன இருக்கிறது என்று அது பார்க்காது. நான் சொன்ன இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கிளிக் செய்யும். தங்குபவர் பெயர் வேண்டுமே? 'திரு. அருள், திருமதி ஜெயா' என்று எங்கள் பெயரையே போட்டேன். டைப் செய்யும்போதே காது சூடாகிவிட்டது. சோதனைதானே, யார் பார்க்கப் போகிறார்கள்!

லாட்ஜ் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து ஸ்கிரீன்சேவரை நிறுத்தினேன். நடுவில் எட்டிப் பார்க்கும் அறிவிப்புகளை எல்லாம் அடைத்தேன். ஒரு ரூமுக்கு மட்டும் ஓட்டிப் பார்த்தேன், அற்புதமாக ஓடியது. துள்ளிக் குதிக்காத குறை. அந்த உற்சாகத்தில், டெஸ்க்டாப்பில் யாரோ வைத்திருந்த சீட்டாட்ட ஐகானையும் தூக்கி எறிந்தேன்.

அது போனதும் கீழே இருந்த ஐகான்கள் ஆளுக்கு ஒரு படி மேலே ஏறிக்கொண்டன. ஸ்கிரிப்ட் திறக்க வேண்டிய 'பயிற்சி' ஐகான் இருந்த இடத்தில் இப்போது 'நிஜ புக்கிங்' ஐகான். நான் எங்கே கவனித்தேன்? ஸ்கிரிப்டைத் தட்டிவிட்டேன். "மெஷின் வேலை பாக்கட்டும், நாம டீ குடிப்போம்" என்று, பிரிண்டர் மாட்ட வந்திருந்த அருளையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

திரும்பி வந்தால், கவுன்டர் கம்ப்யூட்டர் முன்னால் பாய், பெட்டியும் கையுமாக நின்ற டூரிஸ்ட்களிடம் கையை விரித்துக்கொண்டிருந்தார். "ரூம் இல்லைங்க. ஒரு கல்யாணப் பார்ட்டி லாட்ஜையே எடுத்துருச்சு."

என்னைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல். "ஏம்மா ஜெயா, நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! இப்பத்தான் அப்பாவுக்குப் போன் போட்டு வாழ்த்துச் சொன்னேன். வெரசா வர்றேன்னாரு."

அப்பாவின் காய்கறி மண்டி அடுத்த தெருவில். ஸ்வெட்டரில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி வந்து நின்றார். கவுன்டர் திரையை எட்டிப் பார்த்தேன். எல்லா ரூமிலும் நாங்களே குடித்தனம். (மாடிப்படிக்குக் கீழே இருந்த டிரைவர் ரூமைக்கூட விடவில்லை.)

"அப்பா, அது சும்மா டெஸ்டுக்கு..."

அவர் காதில் விழுந்தால்தானே? நேராக அருளிடம் போனார். "என்னப்பா தம்பி இது? நெசமா?"

அது சோதனைப் பதிவு என்று அருளுக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாம். திரையைப் பார்த்தார். உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி நின்ற என்னைப் பார்த்தார்.

"பேரெல்லாம் சரியாத்தாங்க இருக்கு," என்றார். "தேதியை மட்டும் நீங்க பாத்துச் சொல்லுங்க."

சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாய் டூரிஸ்ட்களைத் திரும்பக் கூப்பிடத் தெருவுக்கு ஓடினார்.

இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் எந்தப் பெண்ணாவது ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னால், அப்பா கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "பையன்கிட்டக் கேட்டாச்சா, இல்ல ரூம் மட்டுந்தான் போட்டிருக்கா?"