அடக்கவிலைக்கு ஒரு கிராபிக்ஸ் காட்

போன சனிக்கிழமை ஒரு முடிவெடுத்தன். மனுசியின்ர கடையில கிடக்கிற கிராபிக்ஸ் காட்டை என்ர விலைக்குத்தான் வாங்கிறது. அசையிறதில்லை.

கிளிநொச்சியில கொம்பியூட்டர் கடை நடத்திறவ என்ர மனுசி கௌசலா. எனக்கு அரசாங்கக் கந்தோரில வேலை; லீவு நாளில அவவுக்கு எடுபிடி. கார் ஓடுற விளையாட்டு ஒண்டு புதுசா வந்திருக்கு. என்ர பழைய கொம்பியூட்டரில அந்தக் கார் மாட்டுவண்டில் மாதிரி ஊருது. அதுக்குத்தான் காட். கடையில இருந்ததிலயே மலிவானது, அதுவும் கடைசி ஒண்டு, எழுபத்தையாயிரம்!

"பகல் கொள்ளை," எண்டன். "சிப் எண்டால் என்ன? மணல். அதோட ஒரு தகடு, ஒரு காத்தாடி. செய்யிற செலவு முப்பதும் வராது. கப்பல், வரி எல்லாம் போட்டாலும் ஐம்பதுக்கு மேல வித்தால் அநியாயம்."

"மணல்தானே? நாயாற்றுக் கடற்கரையில அள்ளிக்கொண்டு வாங்கோ. நான் அலுமாரியில வைச்சு விக்கிறன்."

"பகிடி விடாதேயும். ஐம்பதுக்குத் தாரும்."

"நான் எடுத்ததே எழுபதுக்கு. மலிவுக் காட்டில எனக்கு மிஞ்சிறது வாடகைக்கும் கரண்டுக்கும் காணாது."

அந்த நேரம் பழனியாண்டி அண்ணை மகள் தேனுகாவோட வந்தார். வயல் வேலை செய்யிறவர். பிள்ளை கொம்பியூட்டரில வீட்டுப் படம் கீறப் படிக்குது. காட் இல்லாமல் படம் பாதியில நிண்டுபோகுதாம். அடுத்த கிழமை சோதினை.

கௌசலா என்ர காட்டை எடுத்து மேசையில வைச்சா. நான் மேசைக்குக் கிட்டப் போய் நிண்டன்.

"எழுபத்தையாயிரமா? இந்தத் துண்டுக்கா?" எண்டார் பழனியாண்டி அண்ணை.

"போவோம்ப்பா," எண்டு தேனுகா அவரின்ர சேட்டுக் கையைப் பிடிச்சு இழுத்தாள்.

"இவரைக் கேளுங்கோ அண்ணை," எண்டா கௌசலா. "விலை விவரம் இவருக்குத்தான் தெரியும்."

இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமோ? விலையைப் பிழை எண்டு சொன்னால் அவை போயிடுவினம், காட் எனக்கு! மணலில தொடங்கிக் கப்பல் வரைக்கும் விளங்கப்படுத்தினன். கடைசியில மேசையில அடிச்சுச் சொன்னன்: "ஐம்பதுக்கு மேல ஒரு சதம் குடுக்காதேங்கோ அண்ணை!"

அவர் மடியில இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவிழ்த்தார். "சாமி மாதிரி சொன்னீங்க தம்பி. நான் கொண்டாந்ததே ஐம்பதுதாங்க."

"அப்ப அவர் சொன்ன விலைதான்," எண்டு கௌசலா காட்டைச் சுத்திக் குடுத்திட்டா. பிறகு என்ர காதுக்குள்ள: "எனக்கு நட்டம் வராமல் மிச்ச இருபதை நீங்கள் சேர்த்து வைச்சிருக்கிற காசில தாங்கோ. லாபம் வேண்டாம்."

வாயைத் திறந்தன். தேனுகா அந்தப் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி அணைச்சுக்கொண்டு நிண்டாள். சரி எண்டு தலையாட்டினன்.

அவை போன பிறகு, "தேனுகா நேற்றே போனில அழுதவள். நான்தான் உள்ள காசோட வரச் சொன்னனான்," எண்டா கௌசலா. உண்மையைச் சொன்னால் எனக்கும் மனம் நிறைஞ்சுதான் இருந்தது.

அடுத்த நாள் கடை திறக்க, வாசலில ஒரு கூட்டம்.

"அக்கா, உங்கட வீட்டுக்காரர் சொல்லுற விலைக்குச் சாமான் குடுக்கிற கடை இதுதானோ?"

"ஓம், ஓம். அவர் உள்ளுக்குத்தான் நிக்கிறார், வாங்கோ!"

பின்கதவால ஓடப் பாத்தன். பூட்டிக் கிடந்தது.

பூட்டுத் திறப்பு கௌசலாவின்ர கையில கிலுங்கிச்சுது.