மாமனார் முன்னால் அளந்த பெட்ரோல்

வேதியியல் பட்டதாரி என்ற கர்வம் எனக்கு நிறையவே இருந்தது. (மூன்றாம் வகுப்புதான், யார் கேட்டார்கள்?) அந்தக் கர்வம் ஒரு மே மாத மத்தியானம், மந்தைவெளியில் ஒரு பெட்ரோல் பங்கில் ஆவியாகிப் போனது.

கல்யாணமாகி மூன்றே மாதம். மாமனார் வயலின் வாத்தியார். அவருடைய மாணவியின் முதல் கச்சேரி அடையாறில். அதற்கு அவரை ஸ்கூட்டரில் அழைத்துப் போனேன். பங்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டு நூறடி போவதற்குள் வண்டி இருமி நின்றது.

"நின்னுடுத்தா மாப்பிள்ளை?"

"கலப்படம்!" என்றேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்து, பெட்ரோல் போட்ட பெண்ணிடம், கச்சேரிக்குப் போகிற நேரத்தில் இப்படியா என்று, அடர்த்தியைச் சோதிக்கச் சொல்லிக் கத்தினேன். கூட்டம் கூடியது.

அவள் சட்டையில் செல்வி என்று பெயர் இருந்தது. "கத்தாம கேட்டாலே காட்டுவோம் ஸார்" என்றவள், கண்ணாடி ஜாடியில் பெட்ரோல் பிடித்து, அடர்த்திமானியை மிதக்கவிட்டாள். கூடவே வெப்பமானி.

எட்டிப் பார்த்தேன். 727. பங்கின் பலகையில் அன்றைய அடர்த்தி என்று எழுதியிருந்தது 745.

"பாருங்க, திருட்டுத்தனத்தை!" என்று கூட்டத்துக்கு அறிவித்தேன்.

"வெயிலு இன்னா போடு போடுது! சூட்டுல பெட்ரோல் உப்பி லேசாயிடும் ஸார். பலகையில கீறது பதினஞ்சு டிகிரி கணக்கு. மாத்திப் பாத்துட்டுப் பேசு." வெப்பத்துக்குத் தகுந்தபடி மாற்றும் அட்டவணையில் அவள் விரல் ஓடி நின்றது. 744. "ஒண்ணுதான் கம்மி. மூணு வரைக்கும் தப்பில்ல."

அடுத்து வடிதாளில் ஒரு சொட்டு விட்டாள். ஈர வட்டம் சுருங்கிச் சுருங்கி, கறையே இல்லாமல் மறைந்தது.

"ஸ்ருதி சுத்தம்!" என்றார் மாமனார், என்னைப் பார்க்காமலே.

பிறகு என் டேங்கின் அடியிலிருந்து குழாய் வைத்து எடுத்தாள். ஜாடியில் இரண்டு அடுக்கு: மேலே பொன்னிறப் பெட்ரோல், கீழே தண்ணீர். நடுவே கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு.

"காலைல வண்டி கழுவினியா ஸார்? மூடிய சரியா மூடல. தண்ணி கனம், அடியில குந்திக்கினு கீது. இஞ்சினு அதத்தான் குடிச்சிது."

கழுவினேன்தான், மாமனார் ஏறப்போகிறார் என்று. வெட்கப்படவேண்டிய நான் வாயைப் பிளந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த அடர்த்தியை அன்றுதான் நேரில் பார்க்கிறேன்!

"மன்னிச்சிடுங்கம்மா."

"போ ஸார், கச்சேரிக்கு நேரமாவுது."

வண்டியைப் பங்கிலேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தோம். அடையாறு பாலம் ஏறும்போது மாமனார், "அந்தப் பொண்ணு அளந்த அழகு இருக்கே!" என்று மட்டும் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று ராத்திரியே விஷயம் வீடு முழுக்கப் பரவிவிட்டது. இன்றைக்கும் நான் குரலை உயர்த்தினால், என் மனைவி நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

"பதினஞ்சு டிகிரிக்கு வந்துட்டுப் பேசுங்கோ."