மூன்றாவது சங்கு

உலகத்தில் எத்தனையோ நகரங்கள் எதற்கெதற்கோ பெயர் வாங்கியிருக்கின்றன. சில கோபுரத்துக்கு, சில போருக்கு, சில பூகம்பத்துக்கு. ஒன்றுமே செய்யாமல், வாயை மூடிக்கொண்டு இருந்தே பெயர் வாங்கிய நகரம் எங்களுடையது ஒன்றுதான். அந்தப் பெருமையில் பாதி என்னைச் சேரும் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. என்ன செய்ய, உண்மையாயிற்றே! நான் நகரசபையின் தலைமை எழுத்தர்; அதோடு ‘அமைதி மேம்பாட்டுக் குழு’வின் செயலாளர்.

வளைகுடாவின் இந்தக் கரையில் நாங்கள். ஆஸ்பத்திரி, கல்லூரி, கோர்ட்டு, முக்கால்வாசிப் பேருக்கு வேலை, எல்லாம் அக்கரையில். நடுவே ஒரே ஒரு பயணிகள் படகு. அதை ஓட்டுபவன் என் மனைவியின் தம்பி. சாலை வழியாகவும் போகலாம். மலையைச் சுற்றி ஒன்பது மணி நேரம்; போய் இறங்கும்போது வந்த காரியம் மறந்திருக்கும்.

எங்கள் ஊரில் யாரும் கடிகாரம் பார்க்கிற வழக்கம் இல்லை. படகில் மாட்டியிருக்கும் சங்கை மச்சினன் காலையில் மூன்று தடவை வாய்வைத்து ஊதுவான். முதல் சங்குக்கு எழுந்து பல் தேய்ப்பார்கள். இரண்டாவதுக்குக் குளிப்பார்கள். மூன்றாவதுக்குச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். என் வீட்டுக் கடிகாரம் நின்று நாலு வருஷமாகிறது. அதைக் கண்டுபிடித்தவர் வெளியூர் விருந்தாளி ஒருவர்.

இந்த நிலையில்தான் ‘மிக அமைதியான கடலோர நகரம்’ விருதுப் போட்டி வந்தது. கூடவே சத்தத்தை அளக்கும் ஒரு மீட்டரும் வந்தது. மூன்று மாதம், சராசரி நாற்பத்தைந்து டெசிபலைத் தாண்டக்கூடாது. அவசரக் கூட்டம் கூட்டினோம்.

“நம்ம ஊர்ல என்னய்யா சத்தம் இருக்கு?” என்று நகரசபைத் தலைவர் மேஜையைத் தட்டிக் கேட்டார்.

“இப்போதைக்கு உங்களதுதான் ஐயா. எண்பத்திரண்டு காட்டுது” என்றேன்.

அன்றிலிருந்து தலைவர் ரகசியக் குரலிலேயே ஆட்சி நடத்தினார். ஊழல் செய்கிறாரோ என்று முதலில் ஜனங்கள் சந்தேகப்பட்டார்கள், பிறகு பழகிவிட்டது.

நடவடிக்கைகள் மளமளவென்று பிறந்தன. மிக்ஸியைப் போர்வைக்குள் வைத்து அரைக்க வேண்டும். அலுவலகத்தில் தும்ம விரும்புவோர் வாசலுக்குப் போய்த் தும்ம வேண்டும். கணவன் மனைவி சண்டை எழுத்து மூலம். என் மனைவி முதல் நாளே முழுநீளத் தாளில் நான்கு பக்கம் எழுதி, ‘மீதி நாளை’ என்று கையெழுத்திட்டாள். கடலிடம் ஏழு நாளில் விளக்கம் கேட்டு மணலில் ஒரு நோட்டீஸ் நட்டோம். அலை வந்து வாங்கிக்கொண்டு போனது. ‘நேரில் பெற்றுக்கொண்டார்’ என்று கோப்பில் பதிந்தேன்.

அத்தனையும் செய்து என்ன? தினம் காலையில் மீட்டர் நூற்றுமூன்றுக்குத் துள்ளியது. வேறு யார், என் மச்சினனின் சங்குதான்!

குழு ஒருமனதாகச் சங்கைத் தடை செய்தது. உத்தரவை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“அத்தான், உங்களுக்கு என்ன ஆச்சு? சங்கு ஊதலைன்னா ஒருத்தரும் வரமாட்டாங்க. ஆள் ஏறலைன்னா போட்டையே நிறுத்திடுவாங்க. அப்புறம் நான் என்ன பண்றது, மீனுக்கு டிக்கெட் கிழிக்கறதா?”

“சும்மா பயப்படாதே மாப்ளே. அதுக்கு மாற்று ஏற்பாடு இருக்கு.” பையிலிருந்து ஒரு பச்சைத் துண்டை எடுத்து நீட்டினேன். “மூணு தடவை இதை வீசணும். நல்லா வீசணும்.”

“தூங்கறவனுக்குத் துண்டு தெரியுமா?”

அந்தக் கேள்வி குழுவின் பரிசீலனையில் வைக்கப்பட்டது. இன்னும் இருக்கிறது.

மறுநாள் அவன் வீசினான். நன்றாகத்தான் வீசினான். படகு காலியாகப் போய்க் காலியாக வந்தது. ஊர் பத்து மணிக்கு எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு துறைக்கு வந்தது. தையல்காரர் மூன்று வாரம் தினமும் வந்து, “என்னப்பா, இன்னைக்கும் சங்கு ஊதலையா?” என்று என் காதில் கிசுகிசுத்தார். “ஊத மாட்டாங்க” என்று நானும் தினமும் கிசுகிசுத்தேன். “அப்படியா? அப்போ நாளைக்குப் பார்க்கலாம்” என்று போய்ப் படுத்துக்கொள்வார். ஊரே இப்படித்தான். எவ்வளவு பொறுமைசாலிகள்!

மூன்றாம் மாதக் கடைசியில், படகு நிர்வாகத்திலிருந்து ஓர் அதிகாரி காலிப் படகில் தனியாக வந்து இறங்கினார். நகரசபைக் கூடத்தில் விசாரணை. இருநூறு பேர் வந்துவிட்டார்கள். மேஜை மேல் மீட்டர் இருந்தது. போட்டியின் கடைசி நாளும் அதுதான். சராசரி நாற்பத்துநான்கு புள்ளி ஒன்பது. ஒருத்தர் கத்தினாலும் விருது போச்சு.

“ஆள் ஏறாததால இந்தப் போட்டை நிறுத்தப்போறோம். யாருக்காவது ஆட்சேபணை உண்டா? வாய்விட்டுச் சொல்லணும். எழுதிக் கொடுத்தா செல்லாது” என்றார் அதிகாரி.

இருநூறு வாய் திறந்தது. நான் உதட்டில் விரலை வைத்தேன். இருநூறு வாயும் மூடிக்கொண்டது.

என் பக்கத்தில் நின்ற மச்சினன் என் சட்டைக் கையைப் பிடித்தான். “அத்தான், நான் சொன்னா என் வேலைக்காகச் சொல்றேன்னுடுவாங்க. நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க.” பாவம், அதையும் கிசுகிசுத்தான். மீட்டர் முப்பத்தெட்டு காட்டியது. நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி மூன்று தடவை கேட்டார். ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிக்கொண்டு, படகையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். சங்கை மட்டும் கழற்றி மச்சினனிடம் கொடுத்தார்கள், ‘சேவையைப் பாராட்டி’.

அன்றிரவு என் மனைவி எழுதிய தாளில் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. அதை இங்கே பதிவு செய்ய விதிகளில் இடமில்லை.

பத்து நாளில் கடிதம் வந்தது. விருது எங்களுக்குத்தான்! ‘வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் மீட்டருடன் நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும், தவறினால் இரண்டாமிடத்துக்கு வழங்கப்படும்.’ விழா மண்டபம் அக்கரையில். கடிதம் மலையைச் சுற்றி வந்ததால் கையில் கிடைத்ததே வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு.

தலைவரும் நானும் சலவைச் சட்டையில் துறைக்கு ஓடினோம். அங்கே போய் நின்ற பிறகுதான் படகு இல்லை என்பது ஞாபகம் வந்தது. எதிரே மண்டபம் வெள்ளையாகப் பளபளத்தது. பின்னாலேயே என் மனைவி வந்தாள். மூன்று மாதம் கழித்து அவள் குரலை அன்றுதான் கேட்டேன்.

“சத்தமாக் கூப்பிட்டுப் பாருங்க. அக்கரையில கேட்டாலும் கேட்கும்.”

துறைப் படியில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த மச்சினன் எழுந்தான். மடியிலிருந்த சங்கைத் தூக்கி ஊதினான். கொஞ்சம் இடைவெளி விட்டு இரண்டாவது. பிறகு மூன்றாவது.

அடேயப்பா! தெருத்தெருவாகக் கதவுகள் திறந்தன. வாயில் நுரையோடு, காதில் சோப்போடு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் மொத்தமும் ஓடி வந்தது. முதல் ஆளாகத் தையல்காரர். விளிம்பு வரை வந்து, வெறும் தண்ணீரைப் பார்த்து, மூச்சு வாங்கி நின்றார்கள். அப்புறம் எல்லோரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள்.

“எங்கய்யா போட்டு?”

ஒரே குரல். கடல்கூட ஒரு கணம் அடங்கியது போலிருந்தது. பையில் இருந்த மீட்டரை எடுத்துப் பார்த்தேன், நூற்றுப்பதினேழு. விதிமீறலைப் பதிவு செய்வது செயலாளரின் கடமை. அங்கேயே பேனாவைத் திறந்து எழுதினேன்.

‘சத்தம் எழுப்பியவர்கள்: ஊரார் அனைவரும். எழுப்பாதவர்: செயலாளர். எழுப்பியிருக்க வேண்டிய நாள்: விசாரணை நாள். குற்றவாளி: மேற்படி செயலாளர்.’