வன்னி வேட்டைக்காரர் இராஜதுரை

"நாங்கள் வன்னியிலை பண்டி அடிக்கிறது வில்லாலைதான், முசியே" என்று சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வெளியே வந்தது என்பது இராஜதுரைக்கே தெரிந்தது.

அதற்குள் மேசையைச் சுற்றி எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். பாரிஸ் ஓரத்து ஒபர்வில்லியேயில் உள்ள அந்தத் துணிக் கிடங்கில் ஆறு வருடமாக வேலை செய்கிறார். அவர் பேச்சைக் கேட்டு யாரும் கரண்டியைக் கீழே வைத்தது இதுதான் முதல் தடவை.

முதலாளி கொர்தியே, எல்லோரும் பத்ரோன் என்றும் முசியே என்றும் கூப்பிடுகிறவர், தன் போனில் ஒரு படம் காட்டிக்கொண்டிருந்தார். படத்தில் பச்சை உடுப்பும் சில்லு பூட்டின விலைகூடின வில்லுமாக அவரே நின்றார். காலடியில் ஒரு காட்டுப்பன்றி செத்துக் கிடந்தது. மற்றவர்கள் ஆ, ஓ என்று அளவாகச் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். இராஜதுரைக்குத்தான் அளவு தெரியவில்லை.

அவரையும் குறை சொல்ல ஏலாது. கிடங்கின் செஃப், எல்லோரையும் மேய்க்கிற மேற்பார்வையாளர், இந்த மாதத்தோடு பென்சன் எடுக்கிறார். செஃபுக்கு ஒரு கண்ணாடி அறை உண்டு. அதற்குள் ஒரு ஹீட்டரும் ஒரு சுழல் கதிரையும் உண்டு. துணிச் சுருள்களைத் தோளில் தூக்கித் தூக்கி இராஜதுரையின் நாரி, அதுதான் இடுப்பு, விட்டுப்போயிருந்தது. அந்தக் கதிரை கிடைத்தால் மனுசன் தப்பினார். கிடைக்காவிட்டால் இன்னொரு குளிர்காலம் தூக்க அவரிடம் முதுகு இல்லை. அந்த யோசனையில்தான் வாய் கொஞ்சம் வழுக்கிவிட்டது. உண்மையில் அவர் நல்லூர்க்காரர். வன்னியை ரயில் யன்னலால் பார்த்ததோடு சரி. பன்றிகளோடு அவருக்கிருந்த பழக்கமெல்லாம் கறிச்சட்டிக்குள்தான்.

"வில்லிலா? உண்மையாகவா, ராஜா?" என்று பத்ரோன் கேட்டார். முழுப் பெயர் அவர் வாயில் நுழையாது.

"ஓம் முசியே. மூங்கில் வில்."

பத்ரோன் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தார்.

"இப்படி ஒருத்தனைத்தான் கனகாலமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். சொலோஞ்சில் எனக்குச் சொந்தமாக ஒரு காடு இருக்கிறது. சுற்றிவர வேலி, உள்ளே பன்றி. அடுத்த சனிக்கிழமை என்னோடு வா. உனக்கென்று ஒரு நல்ல வேலை மனதில் வைத்திருக்கிறேன். அங்கே வைத்துப் பேசுவோம்."

என்ன வேலை என்று இராஜதுரை கேட்கவில்லை. கண்ணாடி அறையை ஒருக்கால் திரும்பிப் பார்த்தார். அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது?

அன்று பின்னேரம் வில்லியே லே பெல்லில் வீட்டுக் கதவைத் திறந்ததும் மனைவி கஜந்தினியிடம் சொன்னார். பன்றிக் கதையை விட்டுவிட்டு மிச்சத்தைச் சொன்னார்.

"எனக்கு செஃப் வேலை வரும்போலை கிடக்கு. அடுத்த சனிக்கிழமை பத்ரோன் தனியக் கூப்பிட்டுக் கதைக்கப் போறார்."

"வரும்போலையோ, வந்திட்டுதோ?"

"வந்த மாதிரித்தான்."

கஜந்தினிக்கு அது போதும். சோறு ஆறுவதற்குள் லண்டனில் இருக்கும் தமக்கைக்குச் செய்தி போய்விட்டது. தமக்கை வாயில் போனதை யார் திருப்பி எடுப்பது? இரவுக்குள் கனடாவிலிருந்து ஒருவர் வாழ்த்துச் சொன்னார். இனி இராஜதுரை செஃப் ஆகாமல் இருந்தால் ஊர் உலகம் எல்லாவற்றுக்கும் அவர்தான் பதில் சொல்லவேண்டும்.

படுக்கையில்தான் அவருக்குப் பயம் பிடித்தது. வில்லைக் கையில் தந்தால் எந்தப் பக்கம் முன்பக்கம் என்பதே தெரியாதே.

மறுநாள் காலையில் வெகு பணிவாகப் போய் நின்றார்.

"முசியே, ஒரு சிக்கல். எனக்கு இஞ்சை வேட்டையாட பெர்மி இல்லை. சட்டத்தை மீறக்கூடாது பாருங்கோ."

"அதுவா? நீ எய்யத் தேவையில்லை. எய்வது நான். நீ தடம் பார்த்துப் பன்றி எங்கே நிற்கிறதென்று சொன்னால் போதும். வில் பிடிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், ராஜா. தடம் பார்க்கத்தான் ஆள் இல்லை."

வில்லைப் பிடித்துவிட்டுக் குறி தவறிவிட்டது என்றாவது சமாளித்திருக்கலாம். அதுவும் போயிற்று. இராஜதுரை தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு துணி தூக்கப் போனார்.

திங்கட்கிழமை கந்தசட்டி தொடங்கியது. கடவுளே வழி காட்டினார் என்று திரும்பவும் போனார்.

"முசியே, எங்கடை சமயத்திலை இது விரத காலம். சனிக்கிழமை வரைக்கும் உயிர் கொல்லக்கூடாது. மச்சம் மாமிசம் தொடக்கூடாது."

 பத்ரோன் இராஜதுரையின் தோளில் கை வைத்தார்.

"வேட்டைக்கு முன்பு நீ பட்டினி கிடக்கிறாயா?"

"வேட்டைக்கில்லை முசியே, இது முருகனுக்கு..."

"நான் குரோசோன் தின்றுவிட்டுப் போகிறேன். வெட்கமாக இருக்கிறது. கொல்லுகிற பாவம் என்னோடு இருக்கட்டும், நீ தடத்தை மட்டும் பார்."

மத்தியானத்துக்குள் கிடங்கு முழுக்கத் தெரிந்துவிட்டது. லாச்சப்பல் தமிழ்க்கடையில் வாங்கி வைத்த மட்டன் ரோல்ஸை இராஜதுரை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். எதிரே பத்ரோன் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார். ரோல்ஸ் குப்பைக்குப் போயிற்று.

வீட்டுக்கு வந்து, விரதகாரர் என்னதான் சாப்பிடுவார்கள் என்று மனைவியிடம் கேட்டதுதான் அடுத்த பிழை.

"நீங்களும் பிடிக்கப் போறியளோ?" என்றாள் கஜந்தினி. கண் கலங்கிவிட்டது. "கலியாணம் முடிச்ச நாள் தொடக்கம் கேட்டனான். இப்பவாவது முருகன் கண் திறந்தானே."

முருகன் கண் திறந்ததில் இராஜதுரைக்குக் கண் இருட்டியது. அன்றிலிருந்து ஒரு நேரம் பாலும் பழமும். மற்ற நேரம் தண்ணீர். துணிச் சுருளைத் தூக்கும்போது கிடங்கே மெதுவாகச் சுற்றியது.

வெள்ளிக்கிழமை வேறு வழியில்லாமல் லாச்சப்பல் மீன்கடைக்குப் போனார். அங்கே நிற்கும் செபஸ்டியன் மன்னார்க்காரன். மடுப் பக்கத்துக் காட்டில் பன்றி பார்த்து வளர்ந்தவன். அவனிடம் ஒன்றும் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார்.

செபஸ்டியன் மீனை வெட்டி முடித்துக் கையைத் துடைத்தான்.

"அண்ணை, நீங்கள் பண்டியைத் தேடாதேங்கோ. பண்டி உங்களிட்டை வராமல் பாருங்கோ. பண்டி வராட்டி அது உங்கடை பிழையோ? பண்டியின்ரை பிழை."

"வராமல் எப்பிடியடா செய்யிறது?"

"பண்டிக்கு எல்லாம் மூக்குத்தான். மனுச வாடை பட்டால் ரெண்டு கட்டைத் தூரத்துக்கு அங்காலை நிக்கும். நீங்கள் நல்லா நாறிக்கொண்டு போங்கோ."

உள்ளே போய், கருவாடு இறக்கும்போது தான் போடுகிற பழைய கோட்டை எடுத்துவந்தான். அதன் பைகளில் கட்டாக் கருவாட்டையும் திணித்தான். கடைக்கு வந்த ஒரு மனுசி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

"இதோடை போனால் காடே காலியாகும்" என்றான் செபஸ்டியன்.

கந்தசட்டி வீட்டுக்குள் கருவாட்டுக் கோட்டைக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று இராஜதுரைக்குத் தெரியும். கோட்டை மூன்று பைகளுக்குள் போட்டுக் கட்டி, கீழே சைக்கிள் அறையில் ஒளித்துவைத்தார். சனிக்கிழமை விடிய, கஜந்தினி அவர் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். பின்னேரம் ரூ பஜோல் கோயிலில் சூரன் போர், நேரத்துக்கு வந்துவிடுங்கோ என்று சொல்லி அனுப்பினாள்.

போர்த் து லா ஷப்பலில் காத்திருந்த பத்ரோனின் காரில் ஏறியதும், அந்த நவம்பர்க் குளிரிலும் நாலு யன்னலும் இறங்கின.

"இது என்ன மணம், ராஜா?"

"வேட்டை மணம், முசியே. எங்கடை வழக்கம்."

பத்ரோன் ஒரு கிலோமீட்டர் தூரம் யோசித்துக்கொண்டு ஓட்டினார். பிறகு தன் கையை நீட்டினார்.

"என் கையிலும் கொஞ்சம் தேய்த்துவிடு."

காடு என்றால் காடுதான். மரம் இருந்தது, பனி இருந்தது. சுற்றிவர ஆளுயரத்துக்குமேல் கம்பி வேலி இருந்தது. உள்ளே இருக்கிற பன்றி எந்தப் பக்கம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாலும் கடைசியில் கம்பியில் மூக்கை இடித்துக்கொண்டு, வந்த வழியே வேட்டைக்காரரிடம் திரும்பி வரவேண்டும். கோழிக்கூட்டுக்குள் கையை விட்டுக் கோழி பிடிக்கிறதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கூடு கொஞ்சம் பெரிது, இரத்தம் கழுவ வேறு ஆட்கள் உண்டு. பத்ரோன் இதை இயற்கைக்கும் மனிதனுக்கும் இடையிலான போர் என்று சொன்னார். இயற்கை ஓடிவிடாமல் கேற்றுக்குப் பூட்டுப் போட்டிருந்தது.

பூட்டைத் திறந்துவிட்டவர் காட்டுக் காவல்காரர். கம்பளித் தொப்பியைக் காது வரைக்கும் இழுத்து, மஃப்ளரால் மூக்கு வரைக்கும் சுற்றியிருந்தார். கருவாட்டு மணம் பட்டதும் இராஜதுரையை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, "பொன்ஜூர்" என்று மட்டும் சொன்னார்.

பத்ரோன் வில்லோடு மரப்பரணில் ஏறி நின்றார். "சரி ராஜா, தடத்தைப் பார்."

இராஜதுரை குனிந்தார். நாரி பிடித்தது. குனிந்ததற்காக ஒரு இலையை எடுத்து மணந்து பார்த்தார். இலை கருவாடு மணத்தது. தலையை மெதுவாக ஆட்டிவிட்டு, கண்ணுக்குத் தெரிந்ததிலேயே ஆகத் தூரமான மூலையைக் கையால் காட்டினார்.

"அங்கை நிக்குது, முசியே. வாறதுக்குப் பின்னேரமாகும்."

"ஏன் காத்திருக்க வேண்டும்? நீயே போய்க் கலைத்துக்கொண்டு வா."

போனார். வேறென்ன செய்வது? ஐந்து நாள் பாலும் பழமும் தின்ற காலை இழுத்துக்கொண்டு போனார். பற்றைக்குள் முதல் உறுமல் கேட்டதும் போனை எடுத்தார்.

"செபஸ்டி, பண்டி வருது."

"எந்தப் பக்கம் போகுது, அண்ணை?"

"போகேல்லையடா. என்னட்டை வருது."

"அப்பிடி வராதே. கோட்டு மணக்கேல்லையோ?"

"மணந்துகொண்டுதான் வருது. பின்னாலை இன்னும் நாலைஞ்சு வருது."

செபஸ்டியன் கொஞ்சம் யோசித்தான். "மன்னார்ப் பண்டி அப்பிடிச் செய்யாது அண்ணை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். கடையில் சனமாம்.

மன்னார்ப் பன்றி தன் சாப்பாட்டைத் தானே தேட வேண்டும். இவை பிறந்த நாளிலிருந்து வாளியில் சாப்பிட்டு வளர்ந்தவை. காய்ந்த பாணும் மீன்தலையும் கொண்டு ஒரு மனுசன் நாறிக்கொண்டு வந்தால் அதற்குப் பெயர் ஆபத்து இல்லை, காலைச் சாப்பாடு. இதை யாரும் இராஜதுரைக்குச் சொல்லவில்லை. அவர் விறுக்கென்று நடந்தார், பன்றிகளும் விறுக்கென்று நடந்தன. அவர் நின்றார், அவையும் நின்றன. என்னட்டை ஒண்டுமில்லை என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். எல்லாவற்றிலும் பெரிய பன்றி அப்படியே குந்தியது. ஏன் குந்தியது என்பது அதற்குத்தான் வெளிச்சம்.

பயத்தில் பைக்குள் கையை விட்டு ஒரு கட்டாத் துண்டை எறிந்தார். அதோடு சரி, பற்றைக்குள் கிடந்த மிச்சப் பன்றிகளும் எழும்பி வந்தன.

பரணில் நின்ற பத்ரோன் கண்டது இதுதான். பனிக்குள்ளிருந்து இராஜதுரை வருகிறார். அவருக்குப் பின்னால் காட்டுப்பன்றிகள் ஒன்றன்பின் ஒன்றாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் வருகின்றன. குட்டிகள் ஓரத்தால் வருகின்றன. பத்ரோனின் கையிலிருந்த அம்பு தானாக நழுவிப்போய் ஒரு மரத்தில் குத்தி நின்றது. பன்றிகள் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இராஜதுரைக்கு நெஞ்சு விட்டுப்போயிற்று. வேட்டை குழம்பிவிட்டது, வேட்டைக்காரன் என்ற பேரும் போய்விட்டது. கதிரை, ஹீட்டர், கண்ணாடி அறை எல்லாம் போயிற்று. கனடாவுக்கு என்ன சொல்வது? அந்த இடத்திலேயே இருந்து அழலாம் போலிருந்தது. இருந்தால் பன்றிகள் மடியில் ஏறிவிடும் என்று நின்றுகொண்டே கலங்கினார்.

பத்ரோன் இறங்கி வந்தார். அவருக்கும் கண் நனைந்திருந்தது.

"இத்தனை வருடம் இவற்றுக்குச் சாப்பாடு போடுகிறேன். ஒருநாளும் என்னிடம் இப்படி வந்ததில்லை. இனி யோசிக்க ஒன்றுமில்லை, ராஜா. வேலை உனக்குத்தான். திங்கட்கிழமை தொடங்கு. சம்பளம் கூடுதல். இருக்க வீடும் தருகிறேன்."

"வீடுமோ, முசியே?"

"வீடு இல்லாமல் எப்படி?" என்று சொல்லிவிட்டு, பத்ரோன் இறைச்சி வாட்ட அடுப்பு மூட்டப் போனார். கொல்லாமல் விட்ட சந்தோசத்தில், கடையில் வாங்கிய இறைச்சி.

இராஜதுரை கஜந்தினிக்குப் போன் அடித்தார். கோயிலில் மேளச் சத்தம் காதைப் பிளந்தது.

"கஜந்தி, கிடைச்சிட்டுது. திங்கட்கிழமை தொடக்கம். வீடும் தருகினமாம்."

"வீடோ? முருகா. விரதத்தின்ரை பலன் பாத்தியளே. கதிரையும் தருவினமோ?"

"வீடு தாறவன் கதிரை தரமாட்டானோ?"

"பொறுங்கோ, அக்காட்டைச் சொல்லிப்போட்டு வாறன்."

போனைப் பைக்குள் வைத்தபோது நாரி வலி பாதி குறைந்த மாதிரி இருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு மனுசன் நிமிர்ந்து நின்று ஒரு மூச்சு விட்டார். பொய்யும் சொல்லி, விரதமும் பிடித்து, ஒரு உயிரும் சாகாமல் காரியம் முடிந்துவிட்டது. பெரிய பன்றி அவர் கோட்டுப் பையை முகர்ந்துகொண்டு நின்றது. இருந்த கடைசிக் கருவாட்டை அதற்கே கொடுத்தார்.

காவல்காரர் வந்தார். ஒரு சோடி றப்பர் சப்பாத்து, ஒரு சாவிக்கொத்து, மீன்தலை நிரம்பிய ஒரு வாளி. மூன்றையும் இராஜதுரையின் காலடியில் அடுக்கி வைத்தார். மஃப்ளரை அவிழ்த்தார். வாயெல்லாம் சிரிப்பாக, நல்ல புதுச்சேரித் தமிழில் சொன்னார்:

"இனிமே இதெல்லாம் உங்க பொறுப்புண்ணே, திங்கக்கிழமை நான் உங்க கிடங்குக்கு செஃபா போறேன், நானும் அங்க துணி தூக்குனவன்தான், ஊர்ல பன்னி வேட்டையாடியிருக்கேன்னு பத்ரோங்கிட்ட வாய விட்டு இங்க வந்து மாட்டுனேன், அதே பொய்யச் சொல்ல இன்னொருத்தன் வரமாட்டானான்னு எட்டு வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்."