மீசையில்லாத கவுன்சிலர்

விருத்தாசலத்தில் ஒருவர் எவ்வளவு பெரிய மனிதர் என்று தெரிய வேண்டுமா? மூக்கண்ணன் அவருக்கு எவ்வளவு நீளத்துக்கு மூக்கு வரைகிறார் என்று பார்த்தால் போதும். வட்டச் செயலாளருக்குக் கத்தரிக்காய், கவுன்சிலருக்கு முருங்கைக்காய்!

பத்திரிகைகள் எடுத்து ஒட்டிக்கொள்ள, ரெடிமேட் கார்ட்டூன் படங்களை சிடியில் விற்க ஆரம்பித்திருந்த காலம். எங்கள் உள்ளூர் வாரப் பத்திரிகைக்கு அவர்தான் கார்ட்டூனிஸ்ட், நான் புரூஃப் பார்ப்பவன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம், "கொஞ்சம் சைடுல திரும்புங்க, மூக்க பாத்துக்கறேன்" என்று சொல்லி, வேப்பூர் வரை வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

ஒருமுறை, மழைத்தண்ணீர் தேங்கிய தெருவில் கவுன்சிலர் ரிப்பன் வெட்டிப் படகு விடுவதுபோல் வரைந்துவிட்டார். ஊரே சிரித்தது. கவுன்சிலர் எங்களுக்குக் கொடுத்துவந்த விளம்பரத்தை நிறுத்தினார். பத்திரிகை ஆசிரியர் மூக்கண்ணனைக் கூப்பிட்டார்.

"மூக்கு, ஒரு மாசம் கம்முனு இருங்க. அவரு கோவம் ஆறட்டும், உங்க எடத்த திருப்பித் தரேன். அதுவரைக்கும் சிடியில படம் இருக்குது, ஒட்டிக்கலாம்."

"சிடியில நம்ம கவுன்சிலர் இருக்காருங்களா?"

கம்முனு இருக்கிற ஆளா அவர்! நேராக ஒரு பீங்கான் கம்பெனிக்குப் போய், சூளைக்குப் போகவிருந்த டீ கப்புகளில் கவுன்சிலர் முகத்தை வரைந்துவிட்டார். கைப்பிடிதான் மூக்கு! யார் டீ குடித்தாலும் கவுன்சிலர் மூக்கைப் பிடித்தே ஆக வேண்டும். என்ன மூளை பாருங்கள்! முகமெல்லாம் கம்பெனியின் பீங்கான் வர்ணம். அந்த முறுக்கு மீசையை மட்டும், "இவங்க கருப்பு கருப்பே இல்ல" என்று தன்னுடைய இண்டியன் இங்க்கில் போட்டார். காகிதத்தில் வரைந்தே பழகிய கை. அந்த மை சூளை நெருப்பில் நிற்குமா? கப்புகள் மொழுமொழுவென்று மீசையில்லாமல் வெளியே வந்து, ஊர் டீக்கடைகளுக்குப் போயின. ஆனாலும் ஊர் மூக்கை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஆசிரியர், மூக்கண்ணன், நான் மூவரும் அந்தக் கப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கவுன்சிலரே வந்து உட்கார்ந்தார். கடைக்காரர் பழக்கதோஷத்தில் அவருக்கும் அதிலேயே கொடுத்துத் தொலைத்தார். கவுன்சிலர் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குபீரென்று சிரித்தார்.

"யாருய்யா கப்புல இருக்கற இந்த மூக்கன்? சோக்கா கீறான்!"

அப்பாடா! ஆசிரியர் மூக்கண்ணன் தொடையைக் கிள்ளினார். வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்தால் போதும், அவர் இடம் அவருக்கே.

மூக்கண்ணன் எழுந்தார்.

"ஒரு நிமிசம் குடுங்க" என்று கப்பை வாங்கினார். சட்டைப்பையிலிருந்த மார்க்கர் பேனாவால் சரக்கென்று மீசையைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

கவுன்சிலர் கை தானாகத் தன் மீசைக்குப் போனது. கடையே வெடித்துச் சிரித்தது. அவர் டீயை வைத்துவிட்டுப் போய்விட்டார். மூக்கண்ணன் வேலையும் அவரோடு போய்விட்டது.

"ஏண்ணே, சும்மா இருந்திருக்கலாமில்ல?" கிட்டத்தட்ட அழுதேன்.

"யாருன்னு அவருக்கே தெரியலப்பா. அத அப்படியே வுட்டுட்டு எப்படி வூட்டுக்குப் போறது?"

அடுத்த வாரம் பத்திரிகையில் மூக்கண்ணனுடைய கட்டத்தில் சிடியிலிருந்து எடுத்த ஒரு முகம் இளித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் யாருடைய முகமும் அல்ல அது. யாருக்கும் கோபம் வராது. எனக்கு உடனே மூக்கண்ணனைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.